மாஜி

அங்கன்வாடி டீச்சர் படிவக் கட்டோடு வந்தபோது
அண்ணன் குழந்தைவேலு தட்டுவடை செட்டுப் பொட்டலத்தைப்
பிரித்துக்கொண்டிருந்தான்.
அம்மாப்பேட்டை, எங்கள் வீதி,
வரிசை எண் எழுநூற்று நான்கு: நான்.
இருபத்திரண்டு வயசுப் படம்.
யார் மேலோ கோபமாக இருக்கிறேன் அதில்,
யாரென்று மறந்துவிட்டது.

"ஆள் இருக்காங்களா?"
"இதோ நிக்கறாளே" என்றான் அண்ணன்.
"நிக்கறது தெரியுதுங்க. இருக்காங்களான்னு கேக்கறேன்."

அவரிடம் மூன்று கட்டங்கள் இருந்தன.
இறப்பு. நிரந்தர இடமாற்றம். இரட்டைப் பதிவு.
நாட்டையே மாற்றிக்கொண்டவளுக்குக் கட்டம் இல்லை.

போன வருஷம் மிசிசாகாவில் ஒரு மண்டபத்தில்
எண்பத்தேழு பேரோடு வலது கையைத் தூக்கி
ஒரு ராஜாவுக்கும் அவர் வாரிசுகளுக்கும்
விசுவாசமாக இருப்பேன் என்றேன்.
கண் கலங்கியது என்று எழுதினால் பொய்.
பார்க்கிங்குக்கு இரண்டு மணி நேரம்தான் கட்டியிருந்தேன்,
நினைப்பெல்லாம் அதிலேயே.

அப்புறம் ஓட்டும் போட்டேன்.
பென்சிலால்.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி.
வெளியே வந்து பனியில் நின்று
கையுறையைக் கழற்றி விரலைப் பார்த்தேன்.
மை இல்லை.
போட்டேனா என்றே சந்தேகம் வந்தது.

அந்தத் தேர்தல் முழுக்க வாடகையைப் பற்றித்தான்.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து
பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர், நல்ல கோட்டு, நிதானமான குரல்:
"நீங்க எல்லாம் வந்துதான் வாடகை ஏறிப்போச்சு."
என் கையில் அவர் அம்மா வயசுள்ள ஒருத்தியைக்
குளிப்பாட்டிய சோப்பு வாசனை இன்னும் இருந்தது.
பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

அண்ணனுக்கு அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் சேகோ ஆலை.
ஆலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட எட்டு அறை.
அன்றைக்குச் சாவி கொடுக்க வந்திருந்தான் ஒரு பையன்,
சட்டையெல்லாம் கிழங்கு மாவு.
பேர் லக்ஷ்மண் மாஜி, ஒடிசா.
அண்ணனுக்கு அந்தப் பேர் ஓயாத வேடிக்கை:
"எதுக்குடா மாஜி? எம்.எல்.ஏ.வா, மந்திரியா?"
ஆறு வருஷமாக இதே கேள்வி.
ஆறு வருஷமாக அவனும் சிரிக்கிறான்.

அவன்தான் கேட்டான், எங்கள் ஊர்த் தமிழில்:
"டீச்சரக்கா, எம் பேரு இங்க சேக்க முடியுங்களா?"
"வாடகை ரசீது இருக்கா தம்பி?"

அவன் அண்ணனைப் பார்த்தான்.
அண்ணன் காலண்டரைப் பார்த்தான்.
வெளியே சேர்வராயன் மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது.
"இவனுங்க வந்துதான் அந்தப் பக்கம் வாடகையே ஏறிப்போச்சு"
என்றான், என்னிடம் மட்டும், தணிந்த குரலில்,
வாடகை வாங்குகிறவன்.

நான் கோபப்பட்டிருக்கலாம். வசனம் தயாராக இருந்தது.
ஆனால் பிராம்ப்டனில் எங்கள் பேஸ்மென்ட்டில்
நான்கு பையன்கள் இருக்கிறார்கள்.
படிக்க வந்தவர்கள், பீட்சா கொண்டுபோகிறவர்கள்.
மாதம் அறுநூறு டாலர், தலைக்கு.
ரொக்கமாக.
"இந்தப் பசங்க கூட்டமா வந்துதான் நம்ம பேரும் கெடுது"
என்று வீட்டுக்காரர் சொல்லும்போது
நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

டீச்சர் நடுக்கட்டத்தில் டிக் அடித்தார்.
கையெழுத்துப் போட்டேன்.
"பழசோட ஒத்து வரலையே" என்றார்,
அப்புறம் "பரவால்ல, நீக்கறதுக்குத்தானே" என்று
அடுத்த வீட்டுக்கு எழுந்தார்.

அண்ணி ஜெயக்கொடி ஆளுக்கொரு தட்டு வைத்தாள்,
அந்தப் பையனுக்குக் காகிதத்தில்.
வாசல்படியில் உட்கார்ந்து
பீட்ரூட் துருவல் சிந்தாமல் கவனமாகத் தின்றவன்
திடீரென்று நிமிர்ந்தான்:
"அக்கா, அந்த ஊர்ல ரசீது குடுப்பாங்களா?"

வாயில் வைத்துக்கொண்டு பேசக் கூடாதென்று
எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு.
நான் மதித்ததே கிடையாது.
அன்றைக்கு ஒரு தட்டுவடையை முழுசாக வாயில் போட்டு
மெதுவாக, ரொம்ப மெதுவாக மென்றேன்.
அவன் காத்திருந்தான்.